தூக்கிய ஜிப்சிக்குப் பெரிய டயர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1998 மாடல் மாருதி ஜிப்சி கிங் ஒன்றைப் பல வருடமாகச் சென்னையில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈ.சி.ஆர். பக்கம் டீ குடிக்க நிறுத்தினால் போதும், யாராவது வந்து பின் சக்கரத்தைக் காலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "என்ன சைஸ் போட்டிருக்கீங்க?" என்று ஆரம்பிப்பார்கள். பெரும்பாலும் சின்னப் பையன்கள். பழைய ஜிப்சியோ, மஹிந்திரா ஜீப்போ, முதல் தலைமுறை மஹிந்திரா தாரோ புதிதாக வாங்கியிருப்பார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே எழுதி வைக்கிறேன். அதிகம் ஜிப்சி பற்றித்தான் இருக்கும். மற்ற வண்டிகளுக்கு எங்கே மாறுகிறதோ அங்கே சொல்கிறேன்.

வண்டியைத் தூக்கியாச்சு. இனி எந்த டயர் வேண்டுமானாலும் போடலாம் அல்லவா?

இல்லை. தூக்குவது, அதாவது லிஃப்ட், என்பது ஸ்பிரிங் பக்கத்தில் மாற்றம் செய்து வண்டியை உயர்த்துவது. அதில் உயர்வது பாடியும் சேசிஸும்தான். ஆக்சில் இருந்த இடத்திலேயே இருக்கும். காட்டுப் பாதையில் பாறையில் இடிப்பது ஆக்சிலின் நடுவில் உருண்டையாகத் தொங்கும் டிஃபரன்ஷியல்தானே? அதைத் தரையிலிருந்து உயர்த்துவது டயர் மட்டும்தான். அதுவும் டயரின் உயரம் எவ்வளவு கூடுகிறதோ அதில் பாதி அளவுதான். ஆகவே லிஃப்ட் என்பது டயருக்கு இடம் ஒதுக்கிக் கொடுக்கிற வேலை. எவ்வளவு இடம் கிடைத்தது என்பதை அளந்து பார்த்த பிறகுதான் டயர் கடைக்குப் போக வேண்டும். நிறையப் பேர் டயரை முதலில் வாங்கிவிடுகிறார்கள். அப்புறம் அதை உள்ளே நுழைக்க மட்கார்டை வெட்டுகிறார்கள், இன்னும் தூக்குகிறார்கள், வண்டி கெட்டுப்போகிறது.

சரி, ஜிப்சிக்கு எந்த சைஸ்?

ஜிப்சியோடு வந்த ரேடியல் அளவு 205/70 ஆர்15. உயரம் கணக்குப் போட்டால்: டயரின் அகலம் 205 மி.மீ., பக்கச் சுவரின் உயரம் அதில் 70 சதவீதம், 143.5 மி.மீ. மேலும் கீழுமாக இரண்டு பக்கம் 287. நடுவில் 15 அங்குல ரிம், 381 மி.மீ. மொத்தம் 668 மி.மீ.

அடுத்த படி 215/75 ஆர்15. உயரம் ஏறக்குறைய 704 மி.மீ. டிஃபரன்ஷியலுக்குக் கீழே 18 மி.மீ. கூடும். அதற்கும் அடுத்தது 235/75 ஆர்15. உயரம் 734 மி.மீ., அதாவது கம்பெனி டயரைவிடப் பத்து சதவீதம் பெரியது. கீழே 33 மி.மீ. கூடும். இதற்கு மேல் 31 அங்குல டயர் போட்ட ஜிப்சிகளையும் பார்த்திருப்பீர்கள். போட்டிகளுக்கும் காட்டுக்கும் என்றே வைத்திருக்கிற வண்டிகள் அவை. பிரேக், ஸ்டீயரிங், கியர் எல்லாவற்றையும் மாற்றிக் கட்டியிருப்பார்கள்.

தினமும் ஓட்டுகிற, தூக்காத அல்லது கொஞ்சமே தூக்கிய வண்டிக்கு 215/75 போதும் என்பது என் முடிவு. இரண்டு அங்குலம் ஒழுங்காகத் தூக்கிய வண்டிக்கு 235/75 வரை போகலாம். அங்கேயே நின்றுவிடுங்கள். கர்ப் எடை (ஆள், சாமான் ஏறாத எடை) ஒரு டன்னை ஒட்டி மட்டுமே உள்ள வண்டி அது. அதன் அழகே அந்த லேசான உடம்புதான், கனமான வண்டிகள் புதையும் மணலில் இது மேலாகவே போய்விடும். பெரிய டயரைப் போட்டு அந்தக் குணத்தைக் கெடுத்துவிடக் கூடாது.

உரசுமா உரசாதா என்று வாங்குவதற்கு முன்பே எப்படித் தெரிந்துகொள்வது?

யாரிடமாவது அந்த அளவு டயரோடு ஒரு ஸ்டெப்னி இருந்தால் அரை மணி நேரம் இரவல் வாங்குங்கள். இதைவிட நல்ல வழி கிடையாது. முன்பக்கம் ஒரு சக்கரத்தில் மாட்டி, ஸ்டீயரிங்கை இடது கோடிவரை திருப்புங்கள், வலது கோடிவரை திருப்புங்கள். உள்பக்கம் டயருக்கும் பட்டைக்கும் (லீஃப் ஸ்பிரிங்) நடுவே விரல் நுழைகிறதா பாருங்கள். சமதளத்தில் நுழைந்தால் மட்டும் போதாது. எதிர்ப்பக்கச் சக்கரத்தை ஜாக்கி வைத்து நன்றாக உயர்த்தி, இந்தப் பக்கப் பட்டையை முழுதாக அழுத்தவிட்டு மறுபடி திருப்பிப் பாருங்கள். குழியில் ஒரு சக்கரம் இறங்கும்போது வண்டி இப்படித்தான் நிற்கும். உரசல் அங்கேதான் தெரியும். இரவல் கிடைக்காவிட்டால் டயர் உயரத்துக்கு அட்டையை வட்டமாக வெட்டி வைத்தும் ஓரளவு பார்க்கலாம். ஆனால் அட்டையில் டயரின் அகலம் தெரியாது.

என் வண்டியில் இதைச் செய்யாமல் போட்டேன். ஆயிரம் கிலோமீட்டர் கழித்துச் சக்கரத்தைக் கழற்றியபோது, டயரின் உள்பக்கச் சுவரில் மூன்று விரல் அகலத்துக்கு ஒரு வளையம். எழுத்தெல்லாம் அழிந்து, கை வைத்தால் ஸ்லேட்டுப் பலகை மாதிரி வழவழவென்று இருந்தது. பட்டையின் விளிம்பு மட்டும் புதுக் காசு போல மின்னியது. ஒவ்வொரு யூ-டர்னிலும் கேட்ட அந்த 'சர்' சத்தத்தை மட்கார்டு என்று நினைத்து விட்டுவிட்டேன். டயரின் பக்கச் சுவர்தான் அதன் மெல்லிய இடம். அங்கே தேய்ந்தால் பஞ்சர் ஒட்டக் கூட முடியாது, டயரையே தூக்கிப் போட வேண்டியதுதான்.

ஸ்டீயரிங் திரும்பும் கோடியைக் கட்டுப்படுத்த, முன் சக்கரம் திரும்பும் மூட்டான நக்கிளில் ஒரு ஸ்டாப்பர் போல்ட் இருக்கும். அதைச் சற்று வெளியே எடுத்து வைத்தால் உரசல் நிற்கும். வண்டி திரும்ப இடம் கொஞ்சம் கூடுதலாக எடுக்கும், அவ்வளவுதான்.

பழைய ரிம்மிலேயே மாட்டலாமா?

ரிம்மில் அகலம் குத்தியிருக்கும், பாருங்கள். 5.5ஜே (5.5 அங்குலம்) என்றிருந்தால் 215/75 வரை சரி. 235/75-க்கு 6 அங்குலமாவது வேண்டும். குறுகிய ரிம்மில் அகல டயரை மாட்டினால் நடுப்பகுதி உப்பிக்கொண்டு நடுவிலேயே தேயும், திருப்பத்தில் வண்டி மிதப்பது போல இருக்கும். புது ரிம் வாங்கும்போது ஐந்து போல்ட், அவை அமரும் வட்டம் 139.7 மி.மீ. என்று கேட்டு வாங்குங்கள். ஸ்பேசர் தகடு வைத்து ரிம்மை வெளியே தள்ளுவது எனக்குப் பிடிக்காது. வீல் பேரிங்குக்கு அது வீண் சுமை.

டயர் போடுவதற்கு முன் வண்டியில் என்னென்ன சரிசெய்ய வேண்டும்?

இதைக் கேட்கிறவர்கள் குறைவு. ஆனால் பெரிய டயர் விஷயத்தில் எனக்குச் சொல்ல ஒன்றே ஒன்றுதான் உண்டு என்றால் அது இதுதான்: டயர் கடைசியில். பழைய வண்டியில் எங்கெல்லாம் தேய்மானம் ஒளிந்திருக்கிறதோ அதையெல்லாம் பெரிய டயர் வெளியே கொண்டுவந்துவிடும். புது டயரும் ரிம்மும் வந்த அன்று, எங்கள் தெருப் பழைய பேப்பர் கடைத் தராசில் பழையதையும் புதியதையும் வைத்துப் பார்த்தேன். சக்கரத்துக்கு ஐந்து கிலோவுக்கு மேல் வித்தியாசம். அத்தனையும் ஸ்பிரிங்குக்குக் கீழே சுழல்கிற எடை. ஒவ்வொரு குழியிலும் பேரிங்கையும், சக்கரங்களைத் திருப்பும் டை ராடையும் அடிப்பது அதுதான்.

முதலில் முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். லொடலொட என்றால் இன்னொருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால் நக்கிள் சுழலும் கிங்பின் பேரிங். இப்போது இடமும் வலமும் பிடித்து ஆட்டுங்கள். அதில் ஆடினால் டை ராட் எண்டு, இல்லை ஸ்டீயரிங் பாக்ஸ். ஜிப்சி 60, 70-இல் திடீரென்று ஸ்டீயரிங் கையில் நிற்காமல் உதறுகிறதே, மெக்கானிக்குகள் 'வாப்ளிங்' என்பார்கள், அதற்கு முக்கால்வாசி காரணம் இவற்றில் ஒன்றுதான். சின்ன டயரில் லேசாகத் தெரிகிற உதறல் பெரிய டயரில் பயமுறுத்தும். வீல் பேலன்சிங் மட்டும் செய்து இதை மறைக்கப் பார்க்காதீர்கள்.

அடுத்தது பிரேக். டயர் பத்து சதவீதம் உயர்ந்தால், அதே அழுத்தத்துக்கு ரோட்டில் கிடைக்கும் பிரேக் பிடிப்பு ஒன்பது சதவீதம் குறைகிறது. ஊருக்குள் தெரியாது. ஏலகிரியின் 14 வளைவுகளை நாலு பேரோடும் சாமானோடும் இறங்கும்போது தெரியும். கொல்லிமலையின் 70 வளைவுகளில் கேட்கவே வேண்டாம். பேடு, பின் டிரம் லைனிங், வீல் சிலிண்டர், பிரேக் ஆயில் எல்லாவற்றையும் புதிதாக்குங்கள். தூக்கிய வண்டியில் பிரேக் ஹோஸை மறக்காதீர்கள். ஆக்சில் முழுதாகத் தொங்கும் நிலையில் ஹோஸ் விறைத்து நிற்கிறதா என்று வண்டியைத் தூக்கிப் பாருங்கள். விறைத்தால் நீளமான ஹோஸ் போட்டே ஆக வேண்டும். இது மட்டும் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாத வேலை.

இவையெல்லாம் முடித்துப் பார்த்தால் டயருக்கு வைத்த பணத்தில் பாதி போயிருக்கும். போகட்டும். பழைய டயரிலேயே ஆறு மாதம் ஓட்டுங்கள். வண்டி எவ்வளவு நன்றாக மாறியிருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

லிஃப்டில் எந்த வகை நல்லது? நீள ஷேக்கிள் மலிவாகக் கிடைக்கிறதே?

மலிவுதான். பட்டையின் முனையைச் சேசிஸோடு இணைக்கும் தகடுதான் ஷேக்கிள். ஆனால் இரண்டு அங்குலம் நீளமான ஷேக்கிள் போட்டால் வண்டி உயர்வது ஒரு அங்குலம் மட்டுமே. ஜிப்சியில் முன் ஷேக்கிள் பட்டையின் முன்முனையில் இருக்கிறது. அதை நீட்டினால் ஆக்சில் முன்பக்கமாகச் சாய்ந்து, ஸ்டீயரிங்கை நேராக நிறுத்துகிற சாய்வுக் கோணமான காஸ்டர் குறைகிறது. திருப்பம் முடிந்ததும் ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பி வராது, ஜி.எஸ்.டி. ரோட்டில் 80-இல் போனால் வண்டி அலையும். பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே ஆப்பு வடிவத் தகடு வைத்து அதைச் சரிசெய்யலாம்.

நல்ல வழி, வளைவு கூடுதலான புதுப் பட்டை செட்டும் அதற்கேற்ற நீள ஷாக் அப்சார்பரும். இருபது வருடப் பட்டையை லேத்தில் கொடுத்து வளைவு ஏற்றினால் கொஞ்ச நாளில் பழையபடி படுத்துவிடும். ஜிப்சியில் பட்டை ஆக்சிலுக்குக் கீழே இருக்கிறது. அதை மேலே மாற்றி வைத்தால் ஒரேயடியாக ஐந்து அங்குலம் உயர்ந்துவிடும். பார்க்கக் கம்பீரம். ஆனால் ஸ்டீயரிங் ராடின் சாய்வு, ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் ஜாயின்டின் கோணம், வேகம் எடுக்கையில் பட்டை முறுக்கிக்கொள்வது என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். வெல்டிங்கில் ஒரு தப்பு நடந்தால் ஆக்சிலே கழன்றுவிடும். குடும்பத்தோடு போகிற வண்டிக்கு வேண்டாம் என்பேன்.

ஸ்பீடோமீட்டர், பிக்கப், மைலேஜ் எல்லாம் என்ன ஆகும்?

235/75 போட்டால் முள் 60 காட்டும்போது நீங்கள் 66-இல் போகிறீர்கள். ஓடிய தூரமும் குறைவாகக் காட்டும். மீட்டரில் 100 என்றால் உண்மையில் 110. மைலேஜ் விழுந்துவிட்டது என்று கவலைப்படுகிறவர்கள் முதலில் இந்தப் பத்து சதவீதத்தைச் சேர்த்துக் கணக்குப் பாருங்கள், பாதிக் கவலை போய்விடும்.

பிக்கப் குறையும், அது உண்மை. ஐந்தாவது கியர் நெடுஞ்சாலையில் இழுக்காது, நாலாவதிலேயே அதிகம் ஓட்டுவீர்கள். இதற்கு ஜிப்சிக்காரர்களிடம் ஒரு நல்ல வைத்தியம் உண்டு. முன், பின் ஆக்சிலுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் கியர் பெட்டிதான் ட்ரான்ஸ்ஃபர் கேஸ். 1300 சிசி இன்ஜின் உள்ள கிங்கில் அதன் ஹை விகிதம் 1.409. பழைய 1000 சிசி வண்டியுடையது 1.580. பழையதை எடுத்து மாட்டினால் கியர் 12 சதவீதம் இறங்கும், பெரிய டயரால் ஏறியதை அது ஈடுகட்டிவிடும். லோவிலும் 2.268 என்பது 2.511 ஆகிறது, மலை ஏற்றத்தில் பெரிய உதவி. புதுப்பேட்டையில் தேடினால் கிடைக்கலாம். உள்ளே கியர் பல்லைத் திறந்து பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

ஏ.டி.யா, எம்.டி.யா?

ஏ.டி. என்பது எல்லாத் தரைக்குமான ஆல் டெரைன் டயர், எம்.டி. சேற்றுக்கான மட் டெரைன் டயர். சென்னையில் இருந்துகொண்டு எம்.டி. போடுவது, தினம் ஆபீசுக்கு கம்பூட்ஸ் போட்டுப் போவது மாதிரி. சத்தம், கனம், மழையில் நனைந்த மேம்பாலத்தில் வழுக்கல். வாரம் தவறாமல் சேற்றில் இறங்குகிறவர்களுக்கு அது சரி. மற்ற எல்லாருக்கும் ஏ.டி.

காற்று எவ்வளவு அடிக்க வேண்டும்?

டயரில் எழுதியிருக்கும் அதிகபட்ச அளவை அடிக்காதீர்கள். அது அந்த டயர் முழுச் சுமை தாங்குவதற்கான அளவு. ஜிப்சியின் எடைக்கு அது மிக அதிகம். வண்டி துள்ளும். நான் 235/75-க்கு 24-இலிருந்து 26 பி.எஸ்.ஐ. வைத்து ஆரம்பித்தேன். அப்புறம் சாக்பீஸ் சோதனை. டயரின் குறுக்கே தடிமனாக ஒரு கோடு போட்டு, சமமான சிமென்ட் தரையில் பத்தடி நேராக ஓட்டிப் பாருங்கள். நடுவில் மட்டும் கோடு அழிந்தால் காற்று அதிகம். ஓரங்களில் மட்டும் அழிந்தால் குறைவு. முழுக்க ஒரே மாதிரி அழிகிற அளவுதான் உங்கள் வண்டிக்குச் சரி. காலையில் டயர் சூடாவதற்கு முன் பாருங்கள். சென்னை மே மாத வெயிலில் ஓடி வந்த டயரில் பார்க்கிற அளவு பொய் சொல்லும்.

மணலில் 15, 16 வரை இறக்கலாம். தார் ரோட்டுக்கு வந்ததும் திரும்ப அடிக்கச் சின்னக் கம்ப்ரஸர் ஒன்று கையில் இருக்க வேண்டும். ஒரு வேண்டுகோள்: நம் கடற்கரை மணலில் வண்டியை இறக்காதீர்கள். ஜனவரியிலிருந்து மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட வருகிற கரை அது. மணலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று மேலே இருந்து தெரியாது.

என்னிடம் ஜிப்சி இல்லை, பழைய தார். அதற்கும் இதேதானா?

2010-இலிருந்து வந்த சி.ஆர்.டி.இ. (டீசல் இன்ஜின்) தாரில் முன்பக்கம் பட்டை கிடையாது, முறுக்கினால் ஸ்பிரிங் போல வேலை செய்யும் கம்பியான டார்ஷன் பார். அதை முறுக்கி ஓர் அங்குலத்துக்கு மேல் உயர்த்தினால் முன் ஆக்சில் ஜாயின்டுகள் சாய்ந்து நின்று, ரப்பர் பூட் கிழிந்து, கிரீஸ் வெளியே வரும். அதன் 235/70 ஆர்16-க்கு அடுத்த படி 245/75 ஆர்16. உயரம் ஐந்து சதவீதம்தான் கூடுகிறது, இன்ஜினிலும் இழுவை உண்டு என்பதால் கியரைத் தொட வேண்டியதில்லை.

பழைய மஹிந்திரா ஜீப்பில் 6.00-16 இருந்த இடத்தில் 7.50-16 போடுகிறார்கள். மூன்று அங்குலம் உயரம் கூடுகிறது. பவர் ஸ்டீயரிங் இல்லாத ஜீப்பில் தி.நகரில் ஒரு பார்க்கிங் போட்டுப் பார்த்தால் தோள்பட்டை சொல்லும்.

போலீஸ், ஆர்.டி.ஓ. பிரச்சினை வருமா?

வரலாம். ஒளிக்காமல் சொல்கிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அசல் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரள வழக்கு ஒன்றில் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தில், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ என்று ஆகிவிட்டது. உயர லிஃப்டும் மட்கார்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் டயரும் இதில் நேராக மாட்டும்.

பதினைந்து வருடம் தாண்டிய வண்டிக்கு ஆர்.சி.யைப் புதுப்பிக்க பிரேக் இன்ஸ்பெக்டர் முன் வண்டியை நிறுத்தியாக வேண்டும். பழைய டயர், பழைய பட்டை, பழைய ஷேக்கிள் எதையும் விற்காமல் வைத்திருங்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் மாற்றத்தை எழுத்தில் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால் விபத்து நாளில் கிளெய்மை மறுக்க அவர்களுக்கு ஒரு காரணம் கிடைக்கிறது. அடக்கமாக, ஒரு படி மட்டும் ஏறுங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் காரணம்.

இப்போதைக்கு இரண்டு டயர் மட்டும் மாற்றட்டுமா?

கூடாது. இந்த வண்டிகளில் முன்னுக்கும் பின்னுக்கும் இடையிலான வேக வித்தியாசத்தை ஏற்கும் நடு டிஃபரன்ஷியல் இல்லை. முன்னும் பின்னும் உயரம் வேறுபட்டால் ஃபோர் வீலில் போட்ட உடனே ட்ரான்ஸ்ஃபர் கேஸ் இறுகும். ஸ்டெப்னியும் அதே அளவு வேண்டும், ஆக ஐந்து. பின்பக்கம் தொங்கும் ஸ்டெப்னி கனமாவதால் அதன் கீலையும் பாருங்கள்.

பெரிய டயர் இருந்தால் மழைத் தண்ணீரில் தைரியமாக இறங்கலாமா?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரிப் பக்கம் தெரிந்தவர்களைக் கொண்டுவர இரண்டு நாள் தண்ணீரில் ஓட்டினேன். வண்டி நிற்கவில்லை. ஒரு வாரம் கழித்துப் பின் டிஃபரன்ஷியல் ஆயிலை இறக்கினால், தட்டில் விழுந்தது ஆயில் இல்லை, பால் அதிகம் விட்ட டீ. சூடான ஆக்சில் குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது உள்ளே காற்று சுருங்கி, ப்ரீதர் என்ற காற்றுத் துளை வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது. பெரிய டயர் அதைத் தடுக்காது. ப்ரீதரில் ஒரு பெட்ரோல் ஹோஸை மாட்டி இன்ஜின் ரூம் உயரத்துக்குக் கொண்டுபோய்க் கட்டுங்கள். சில நூறு ரூபாய் வேலை. தண்ணீரில் போய் வந்தால் ஆயிலைத் திறந்து பாருங்கள்.

பழைய டயர் நல்ல பட்டனோடு (தரையில் படும் கட்டங்கள்) மலிவாக வருகிறது, வாங்கலாமா?

பக்கச் சுவரில் டிஓடி என்று தொடங்கும் வரியின் கடைசி நாலு எண்ணைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம். ஆறு வருடம் தாண்டியதை நான் தொடமாட்டேன். பட்டன் புதிதாக இருந்தாலும் சரி. பட்டன்களுக்கு நடுவே நகத்தால் விரித்துப் பாருங்கள், மயிரிழை போல வெடிப்புத் தெரிந்தால் ரப்பர் காய்ந்துவிட்டது. வெயிலில் நின்றே கிடந்த ஜீப்புகளின் டயர்தான் பெரும்பாலும் இப்படி வருகிறது. திருவொற்றியூர், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் என்று நம்மைச் சுற்றி டயர் ஆலைகள் இருக்கிற ஊர் இது. காய்ந்த டயரில் குழந்தைகளை ஏற்றிப் போக அவசியமில்லை. காசு சேரும்வரை பொறுங்கள்.

மாட்டியாச்சு. இனி?

அலைன்மெண்ட் பாருங்கள். ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வீல் நட்டையும் பட்டையின் யூ போல்ட்டையும் திரும்ப முறுக்குங்கள், புது ரிம்மும் புதுப் பட்டையும் அமர்ந்ததும் கொஞ்சம் தளரும். ஐநூறு கிலோமீட்டரில் ஒரு முன் சக்கரத்தைக் கழற்றி, உள்பக்கச் சுவரைக் கையால் ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள். எழுத்துகள் விரலில் தட்டுப்பட்டால் உரசவில்லை.